இரண்டு முறை செத்த மீன்

அத்தியாயம் 7

கார் கதவில் விரலைக் கொடுத்து நசுக்கிக்கொள்வதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும். ரேடியோவுக்கு அது பிறவியிலேயே வாய்த்திருந்தது. நர்ஸ் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கியவன், ஆள்காட்டி விரலை உள்ளேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். அவன் போட்ட சத்தத்தில் எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"துக்க வீட்டுக்கு வந்திருக்கோம். அவங்களுக்கு முன்னாடி நீ அழாதே," என்றாள் அக்கா.

அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா இல்லை. இருபது வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், எரிந்து போனதாகச் சொன்ன சரக்கைப் பக்கத்துத் தெருக் கிடங்கில் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவள். அது அலுத்துப் போய்ச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். அந்த ஆபீஸில் இருந்தது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ரேடியோ. அந்த ரேடியோதான் இவன். வாயை மூடத் தெரியாததால் வந்த பெயர்.

கதவைத் திறந்த நர்ஸுக்குக் கண்கள் வீங்கியிருந்தன. கண் ஆஸ்பத்திரியில் வேலை. ஊரார் கண்ணுக்கெல்லாம் மருந்து போடுகிறவள். அவள் அப்பா, ஓய்வு பெற்ற ரயில் என்ஜின் டிரைவர், போன புதன்கிழமை ஏரிக்கரைக் கோரைப் புல்லில் பிணமாகக் கிடந்தார். பின்மண்டையில் அடி. அவளுடைய தம்பி லாக்கப்பில் இருந்தான்.

"மேடம், எஸ்.ஐ. போன் பண்ணினார். தம்பி இன்னிக்குச் சாயங்காலம் கையெழுத்துப் போடறானாம். நான்தான் அப்பாவைப் படகுலேருந்து தள்ளினேன்னு எழுதிக் குடுக்கறானாம்."

"அவனாச் சொன்னானா, சொல்ல வெச்சாங்களா?"

"அவனைத் தூங்கவே விடறதில்ல மேடம். இந்த நிலைமைல, ஏரியையே நீதான் வெட்டினியான்னு கேட்டாலும் ஆமாம்பான்." அவள் புடைத்த கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அப்பா போயிட்டார். இனிமே அவரைக் கொண்டு வர முடியாது. தம்பியையாவது எனக்குக் கொண்டு வந்து குடுங்க. எனக்குன்னு வேற யாரு இருக்கா?"

"ஏன், நான் இல்லையா?" என்று ஒரு குரல் கேட்டது.

உள்ளறையிலிருந்து அவள் கணவர் வந்தார். ஏரியின் மேல்கரையில் பெயின்ட் ஃபேக்டரி வைத்திருப்பவர். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். மனைவியின் தோளில் கை வைத்து, நாற்காலியில் உட்கார வைத்தார். அக்காவுக்கு அவரே தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறினேன் மேடம். வியாழக்கிழமைதான் திரும்பினேன். நான் மட்டும் ஊர்ல இருந்திருந்தா, மாமாவையும் மச்சானையும் இப்படி அடிச்சுக்க விட்டிருப்பேனா? வெள்ளிக்கிழமையே படகுத்துறைல எல்லார் முன்னாடியும் கத்திக்கிட்டாங்களாம். பழைய படகை விக்கலாமா வேண்டாமான்னு. அதுக்குப் போய் ஒரு உயிரா?"

ரேடியோவின் விரல் இதற்குள் வெண்டைக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டாள். எவ்வளவு அழுதாலும் நர்ஸ் நர்ஸ்தான். சமையலறைக்குப் போய் ஐஸைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள்.

"நல்ல நேரத்துல நசுக்கிக்கிட்டீங்க. போன மாசம்னா ஐஸே கிடைச்சிருக்காது. ஃப்ரீசர்ல ஐஸ் தட்டு வெக்க இடமே இல்லாம இருந்துச்சு. இப்பத்தான் ஒழிஞ்சுது."

"அடுத்த தடவை தேதி பார்த்தே நசுக்கிக்கறேன் சிஸ்டர்," என்றான் ரேடியோ. துக்க வீட்டில் பேசுகிற பேச்சா அது? அக்கா முறைத்த முறைப்பில் அவன் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். சுவரில் பாலிஷ் போட்ட நீளப் பலகை ஒன்று தொங்கியது. படமும் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் பலகை. அதற்குமேல் சின்னதாக ஒரு விளக்கு வேறு.

"பலகைக்கு விளக்கா?" என்று வாய்க்குள் முணுமுணுத்தான்.

"அதை ஏன் கேக்கறீங்க, என்னமோ மாட்டறேன் மாட்டறேன்னு ஆறு மாசமா ஆணியோட தொங்குது," என்றாள் நர்ஸ். கணவர் லேசாகச் சிரித்தார். அக்கா தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

வாசல் வரைக்கும் வந்த நர்ஸ், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை காலைல அப்பா உயிரோட இருந்ததுக்கு ஆதாரம் இருக்குன்னு எஸ்.ஐ. அடிச்சுச் சொல்றார். என்ன ஆதாரம்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறார். உங்களுக்காவது தெரியுமா?"

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்," என்றாள் அக்கா.

அவளுக்குத் தெரியும். குடும்பத்தார் காதில் போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் எஸ்.ஐ. அதைச் சொல்லியிருந்தார். ரேடியோவின் விரல் வீங்கியிருந்ததால் அக்காவே காரை ஓட்டினாள். கார் கிளம்பியதும் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, எனக்கு ஒண்ணுதான் புரியல. பையன் சனிக்கிழமை காலைலேருந்து ஞாயிறு விடியற வரைக்கும் பாட்டில் கம்பெனில ஷிப்ட்ல இருந்தான். கூட வேலை செஞ்ச அத்தனை பேரும் சத்தியம் பண்றாங்க. பெரியவர் சனிக்கிழமை செத்திருந்தா, பையன் வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கலாம்."

"ஆமாம்."

"பெரியவரைக் கடைசியா ஆள் கண்ணால பார்த்ததும் சனிக்கிழமை மத்தியானம்தான். ஆனா அவர் ஞாயிறு காலைலயும் உயிரோட இருந்தாராம். அதுக்கு ஒரே சாட்சி…"

"ஒரு மீன் தலை."

"அதான்க்கா. மனுஷத் தலைங்க இத்தனை இருக்கும்போது மீன் தலையை நம்பி ஒருத்தனை உள்ள தள்ளியிருக்காங்களே, இது எந்த ஊர் நியாயம்?"

அக்கா ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். சாயங்காலம் வரைக்கும்தான் நேரம் இருந்தது. அவளும் கவலைப்படுகிறாள் என்று ரேடியோவுக்குத் தெரிந்தது.

* * *

ஏரிக்கரை மீன் ஆராய்ச்சி நிலையம் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம். நுழைந்ததும் மீன் நாற்றம் மூக்கில் அறையும். பெரிய ஃப்ரீசர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி, மேஜை மேல் மீன் தலைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் இங்கே ஆராய்ச்சியாளர். தூண்டில்காரர்களுக்கு அவள் மீன் டாக்டர்.

"போலீஸ் வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்களே," என்றாள்.

"என்னென்ன எடுத்தாங்க?"

"மீன் தலை, அது இருந்த பை, பையில கட்டியிருந்த நம்பர் வில்லை."

"எதை விட்டுட்டுப் போனாங்க?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தாள். "கல்லை."

"என்ன கல்?" என்றான் ரேடியோ.

"மீனோட காதுக்கல். மண்டைக்குள்ள, காதுப் பக்கத்துல, கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். மரத்தை அறுத்தா வளையம் தெரியுது இல்லையா, அதே மாதிரி இதுலயும் வருஷத்துக்கு ஒரு வளையம். அதை எண்ணித்தான் மீனுக்கு என்ன வயசுன்னு சொல்றோம். வயசு தெரிஞ்சாத்தான் ஏரில எத்தனை மீனைப் பிடிக்க விடலாம், எத்தனையை விட்டு வெக்கணும்னு சொல்ல முடியும்."

"மீனுக்குக் காது வேற இருக்கா? அப்ப கரைல உட்கார்ந்து தூண்டில்காரங்க விடற கதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்துச்சா பாவம்?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது உதட்டோடு நின்றுவிட்டது. செத்தவர் அவளுக்கும் வேண்டியவர். "என்ஜின் ஐயாதான் எங்க தொண்டர்களுக்கெல்லாம் தலைவர். இவங்க யாருக்கும் சம்பளம் கிடையாது. பிடிச்ச மீனைச் சாப்பிட்டுட்டு, தலையை மட்டும் பையில போட்டு, அவங்க நம்பர் அடிச்ச வில்லையைக் கட்டி, படகுத்துறைல இருக்கற எங்க ஐஸ் பெட்டில போட்டுடுவாங்க. தினமும் சாயங்காலம் வாட்ச்மேன் பெட்டியைக் காலி பண்ணிட்டு வருவார். சனிக்கிழமை சாயங்காலம் காலி பண்ணினார். ஞாயிறு சாயங்காலம் திறந்தா ஐயா வில்லையோட ஒரு பை கிடந்துச்சு. பெரிய தலை."

"அதனால ஐயா ஞாயிறு மீன் பிடிச்சார், ஞாயிறு உயிரோட இருந்தார். போலீஸ் கணக்கு அதோட முடிஞ்சது," என்றாள் அக்கா. "அந்தக் கல்லுல வயசு பார்த்தீங்களா?"

"இல்ல. திங்கட்கிழமை தலையைப் பிளந்து கல்லை எடுத்தேன். புதன்கிழமை அவரையே எடுத்தாங்க." அவள் குரல் உடைந்தது. "அப்புறம் அதைத் தொட மனசு வரல."

"இப்ப தொடுங்க. ஒரு பையனுக்காக."

டாக்டர் ஒரு சின்னக் குப்பியிலிருந்து கல்லை எடுத்தாள். நகத்தளவுதான் இருந்தது. கத்தி முனையில் வைத்து நடுவில் உடைத்தாள். ஒரு பாதியை ஸ்பிரிட் விளக்குத் தீயில் காட்ட, அது பழுப்பாகக் கருகியது. அதன் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"பதினொரு வயசு. முதல் எட்டு வளையமும் நல்ல இடைவெளில இருக்கு. கடைசி மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு." டாக்டர் நிமிர்ந்தாள். "இது மேல்கரை மீன்."

"எப்படிச் சொல்றீங்க?"

"மேல்கரைல மூணு வருஷமா மீன் வளரவே இல்ல. அங்க தண்ணில என்னமோ கலக்குது. அதை முதல்ல கவனிச்சதே ஐயாதான். அவர் பிடிச்ச மீன்களோட கல்லையெல்லாம் என்னோட உட்கார்ந்து பார்த்துட்டு, 'டாக்டர், மேல்கரை மீனுக்கு மட்டும் யாரோ கழுத்தை நெரிக்கறாங்க'ன்னார். நான் உடனே மேலிடத்துக்கு எழுதலாம்னேன். அவர்தான் ரெண்டு நாள் பொறுங்கன்னார். சம்பந்தப்பட்ட ஆளை நேர்ல பார்த்து ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்னார்."

"ஆள் யாருன்னு சொன்னாரா?"

"சொல்லல. ஆனா அதைச் சொல்லும்போது அவர் முகமே சரியா இல்ல."

அக்கா மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். "இன்னும் என்ன சொல்லுது இந்தக் கல்?"

டாக்டர் மறுபடி குனிந்தாள். விளக்கைத் திருப்பினாள். கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"இது எப்படி? விளிம்பு கறுப்பா இருக்கே."

"இருந்தா?"

"குளிர்காலத்துல மீன் வளராது. அப்ப விழற கோடு, சுட்டா கறுப்பாத் தெரியும். வெயில் வந்து வளர ஆரம்பிச்சதும் கறுப்புக்கு வெளிய வெள்ளைப் பட்டை போடும். இப்ப வெயில் காலமே முடியப் போகுது. இது மேல்கரை மீனாவே இருந்தாலும் கொஞ்சமாவது வெள்ளை இருக்கணும். துளி கூட இல்ல." அவள் முகம் வெளிறியது. "இந்த மீன் இந்த வருஷ வெயிலைப் பார்க்கவே இல்ல. போன குளிர்லயே செத்துப் போச்சு."

"ஞாயித்துக்கிழமை வந்த மீன் ஆறு மாசம் முன்னாடியே காலியா?" ரேடியோ வாயைப் பிளந்தான். "எங்க வீட்டுக் குழம்பு கூட இத்தனை நாள் தாங்காதுக்கா."

"ஐயாவே எப்பவோ பிடிச்சு வெச்சிருந்ததா இருக்குமோ?" என்றாள் அக்கா.

"சத்தியமா இருக்காது. அன்னிக்குப் பிடிச்சதை அன்னிக்கே போடுவார். பழைய தலையைக் கொண்டு வந்து கணக்கைக் கெடுக்காதீங்கன்னு மத்தவங்களைப் பிடிச்சுத் திட்டறதே அவர்தான்."

"அப்ப அவர் வில்லையை வேற யாரோ கட்டியிருக்காங்க. அவர் செத்தப்புறமும் உயிரோட இருந்தார்னு காட்ட." அக்கா குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அது காலி. "ஆமாம், மீனுக்குக் காது ஒண்ணுதானா?"

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. மார்க் குறைந்த குழந்தையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு. பக்கத்துக்கு ஒரு கல் இருக்கும். ஒண்ணை நான்… தொலைச்சுட்டேன். பிளக்கும்போது தெறிச்சுப் போயிருக்கும். இந்தத் தரை பூரா முட்டி போட்டுத் தேடினேன். கிடைக்கல."

"தெறிச்சதைக் கண்ணால பார்த்தீங்களா?"

"பார்க்கல. ஆனா எங்க வேலைல இது சகஜம். ஒரு கல் குறைஞ்சா கீழே விழுந்துடுச்சுன்னுதான் தேடுவோம். கை நடுங்கியிருக்கும், இடுக்கி வழுக்கியிருக்கும்…"

"இன்சூரன்ஸ்ல இருபது வருஷம் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன் டாக்டர். காணாமப் போன பொருள், மொதல்ல அங்க இருந்துச்சா?"

டாக்டர் தலையை நிமிர்த்தினாள்.

"தலையைப் பிளக்காம கல்லை எடுக்க முடியுமா?" என்றாள் அக்கா.

"முடியும். செவுளைத் தூக்கிட்டு அடிப்பக்கமா எடுக்கலாம். வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஆனா யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. மீனைப் பதம் பண்ணி அலங்காரமாச் சுவத்துல மாட்டணும்னு…" சட்டென்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ. ஒருத்தர் கேட்டார். போன குளிர்ல. எவ்வளவு வயசுன்னு தெரியணும், ஆனா தலையில கீறல் விழக் கூடாதுன்னார். ஒரு கல்லை எடுத்தேன். இன்னொண்ணு கைக்கு எட்டல. ஒண்ணே போதும்னு தலையைத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"பேர் அப்புறம். அந்தக் கல் இருக்கா?"

இருந்தது. இழுப்பறையில், குளிர்காலக் கற்கள் இருந்த தட்டில், தனியாக ஒரு மூலையில். டாக்டர் இரண்டு பாதிகளையும் அருகருகே வைத்தாள். அக்கா பார்த்தாள். பிறகு ரேடியோவையும் பார்க்கச் சொன்னாள். இரண்டிலும் பதினொரு வளையம். இரண்டிலும் கடைசி மூன்றும் நெருக்கியடித்துக் கிடந்தன. இரண்டிலும் ஐந்தாவது வளையத்தில் ஒரே இடத்தில் சின்னதாக ஒரு மடிப்பு. ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால் மற்றது தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"கூடப் பிறந்ததுங்க," என்றான் ரேடியோ மெதுவாக.

"ஒரே மீன். ரெண்டு தடவை செத்திருக்கு," என்றாள் அக்கா. "இப்ப சொல்லுங்க டாக்டர். தலையில கீறல் விழக் கூடாதுன்னது யாரு?"

டாக்டர் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஐயாவோட மாப்பிள்ளை. பெயின்ட் ஃபேக்டரிக்காரர். அவங்க ஃபேக்டரிப் படித்துறைலயே பிடிச்ச மீன். வீட்டு ஹால்ல மாட்டறதுக்குப் பலகை கூட வாங்கிட்டேன்னு பெருமையாச் சொன்னார்."

ரேடியோவின் நசுங்கிய விரல் விண்விண்ணென்று தெறித்தது. விளக்குப் போட்ட வெறும் பலகை. ஐஸ் தட்டுக்கு இடம் கிடைத்த ஃப்ரீசர். காலையில் இரண்டும் அவன் கண்ணெதிரிலேயே இருந்தன. அவன் இரண்டையும் வைத்து ஜோக் அடித்துவிட்டு வந்திருந்தான்.

* * *

காரில் ஏறியதும் அவனுக்கு இன்னொன்று உறைத்தது.

"அக்கா, மனுஷன் சனிக்கிழமை சாயங்காலமே ரயில் ஏறிட்டான். ஓட்டல்ல தங்கினது, ஆளுங்களைப் பார்த்தது எல்லாத்தையும் எஸ்.ஐ. விசாரிச்சாச்சு. மத்தியானம் மாமனார் கதையை முடிச்சுட்டு ரயில் ஏறினான், சரி. ஞாயித்துக்கிழமை படகுத்துறைல அந்தப் பையைப் போட்டது யாரு? பை தானா நடந்து போச்சா?"

"அந்த வீட்டுல இருக்கறதே ரெண்டு பேர்தான்."

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் அவன் விரலுக்கு ஐஸ் வைத்துக் கட்டிய கை அது. எவ்வளவு பக்குவமாகக் கட்டினாள்! "இருக்காதுக்கா. தம்பி தம்பின்னு அந்தப் பொண்ணு கதறினதைப் பார்த்தீங்க இல்ல? அது நடிப்பா? நடிப்புன்னா, நான் இந்த வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

"எஸ்.ஐ.க்குப் போன் பண்ணு. ஜீப்பைத் தெருமுனைல நிறுத்தச் சொல்லு," என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதே."

அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். வழி முழுக்க அவன் வாயைத் திறக்கவில்லை.

நர்ஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பை. உள்ளே தம்பிக்குத் துவைத்து மடித்த சட்டை. உள்ளறையில் கணவர் போனில் பேசும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுதா மேடம்?"

அக்கா அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினாள். "எஸ்.ஐ. சொல்ற ஆதாரம் ஒரு மீன் தலை. உங்கப்பா நம்பர் வில்லை கட்டின பை. ஞாயித்துக்கிழமை படகுத்துறை ஐஸ் பெட்டில கிடந்துச்சு. அதை அவரே வந்து போட்டார்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

ஒரு நிமிஷம் நர்ஸுக்குப் புரியவில்லை. புரிந்ததும், இந்தப் பத்து நாளில் முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது.

"அந்தக் கறுப்புப் பையா? ஐயோ மேடம், அதை நான்தானே போட்டேன்!"

ரேடியோ சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை டியூட்டிக்குப் போற வழில போட்டேன். அப்பா வெள்ளிக்கிழமை வந்து நம்ம ஃப்ரீசர்ல வெச்சுட்டு மறந்துட்டுப் போயிட்டாராம். இவர்தான் காலைல ஊர்லேருந்து போன் பண்ணி, அதை எடுத்துட்டுப் போய்ப் பெட்டில போட்டுடுன்னார். எனக்கு மீன் வாடை ஆகாது, பிரிச்சுக் கூடப் பார்க்கல." அவள் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அப்ப அது ஆதாரமே இல்லையே! அப்பா ஞாயித்துக்கிழமை உயிரோட இருந்தார்னு யாராலயும் சொல்ல முடியாதே! தம்பியை விட்டுடுவாங்க இல்ல? வாங்க மேடம், இப்பவே போய்ச் சொல்லலாம். நானே சொல்றேன்!"

அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. ரேடியோவுக்கு அந்த நிமிஷம் அங்கிருந்து ஓடிப்போய்விடலாம் போல் இருந்தது.

அக்காவின் மௌனம்தான் நர்ஸுக்கு உறைத்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவள் அக்காவைப் பார்த்தாள், ரேடியோவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஃப்ரீசர்ல இருந்தது ஒரே ஒரு பைதான்," என்றாள். யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வது போல இருந்தது. "ஆறு மாசமா இருந்த பை. இவரோட மீன். இவர் அதைத் தூக்கிப் போட்டுட்டார், அந்த இடத்துல அப்பா தன் பையை வெச்சிருக்கார்னு நினைச்சேன்."

உள்ளறைக் கதவு திறந்தது. "யாரு வந்திருக்காங்க? ஓ, மேடமா? உட்காருங்க. ஏதாவது தெரிஞ்சுதா?"

"என்னங்க," என்றாள் நர்ஸ். குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை. "உங்க மீன் தலை எங்க?"

"எந்த மீன்?"

"இந்தப் பலகைல மாட்டப் போறேன்னீங்களே."

"அதுவா? எப்பவோ போட்டாச்சே. நீதானே தூக்கிப் போடுங்க, தூக்கிப் போடுங்கன்னு உயிரை எடுத்தே?"

"நீங்க போடல. என்னைப் போட வெச்சீங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா இரண்டே வாக்கியத்தில் கல்லைப் பற்றிச் சொன்னாள். பெட்டியில் கிடந்த தலையிலிருந்து ஒரு கல்லை முன்பே எடுத்திருக்கிறார்கள், அதன் ஜோடி ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. அவர் கத்தவில்லை, ஓடவும் இல்லை. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். அந்த மெதுவான குரல் அப்போதும் மாறவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"கழிவை ஏரில விடறது தெரிஞ்சா ஃபேக்டரியை மூடிடுவாங்கன்னு சொன்னேன். காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். படகுல எதிர்ல உட்கார்ந்துகிட்டு, 'நீயே போய்ச் சொல்லிடு மாப்பிள்ளை, நான் சொன்னா என் பொண்ணு மனசு கஷ்டப்படும்'னார். சொல்லிட்டுத் தூண்டிலை எடுக்கத் திரும்பினார்." அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "மச்சான் மேல பழி விழும்னு நான் நினைக்கவே இல்லம்மா. நான் ஊர்ல இல்லாத நாள்ல நடந்ததா இருக்கணும், அவர் தூண்டில் பெட்டிலேருந்து வில்லையை எடுத்துக் கட்டினப்ப அவ்வளவுதான் நினைச்சேன்."

"விழுந்தப்புறம்?" என்றாள் நர்ஸ்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பக்கத்துல உட்கார்ந்து எனக்குச் சோறு ஊட்டினீங்களே. தினமும் ஊட்டினீங்களே. அப்பவாவது சொல்லணும்னு தோணலையா?"

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. எஸ்.ஐ. இரண்டு போலீஸ்காரர்களோடு உள்ளே வந்தார். பிடித்துக்கொண்டு போகும்போது கணவர் ஒரு தடவை மனைவி பக்கம் திரும்பினார். அவள் பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய் கேஸை மூடினாள், ஜன்னலைச் சாத்தினாள், கீழே வைத்த பையை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"சிஸ்டர், நீங்க இப்பவே வரணும்னு இல்ல. நாங்க போய்…" ரேடியோ பையை வாங்கக் கை நீட்டினான்.

"நான்தான் வரணும். என் கையாலதானே போட்டேன்," என்றாள்.

ஸ்டேஷனில் அவள் சொன்னதை ஒரு ஏட்டு எழுதிக்கொண்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பிறகு லாக்கப்பைத் திறந்து தம்பியைக் கூட்டி வந்தார்கள். முகத்தில் தாடி மண்டி, கண் குழி விழுந்து, வெளிச்சத்தில் நடக்கத் தடுமாறினான். அவன் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் மேஜை மேல் இன்னும் அப்படியே கிடந்தது. எஸ்.ஐ. அதை மெல்லத் தன் பக்கம் இழுத்து, ஒரு ஃபைலுக்கு அடியில் வைத்தார்.

அவன் நர்ஸின் தோளில் சாய்ந்து குழந்தை போல அழுதான். அவள் அழவில்லை. அவனைத் தட்டிக் கொடுத்தாள். அழுக்குச் சட்டையைக் கழற்றி, கொண்டு வந்த சட்டையை மாட்டிவிட்டு, ஒவ்வொரு பட்டனாகப் போட்டாள். கடைசிப் பட்டனில்தான் அவள் விரல்கள் நின்றன.

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"ரொம்ப அலைஞ்சிருப்பார் இல்லக்கா, எனக்காக? எங்க அத்தான்? கூட வரலையா?"